ஒட்டகங்களைக் காக்கும் மரபணுக் கணக்கு: ஓர் எளிய அறிமுகம்

மங்கோலியாவின் தென்மேற்கிலுள்ள கோபி பாலைவனம், எல்லைக்கு அந்தப் பக்கம் சீனாவின் லோப் நோர், தக்லமக்கான் பகுதிகள். காட்டு ஒட்டகம் இன்று உலகில் இங்கே மட்டும்தான் வாழ்கிறது. மொத்தமே ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். 2002 முதல், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வரிசையில் இருக்கிறது. அதே மங்கோலியாவில் வீட்டில் வளர்க்கும் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் நான்கு லட்சத்துக்கும் மேல்.

இரண்டையும் தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு பிடிபடாது. காட்டு ஒட்டகத்தின் திமில்கள் சிறியவை, கூம்பு வடிவானவை. கால்கள் மெலிந்திருக்கும், மண்டை தட்டையாக இருக்கும். ஆனால் இரண்டும் கலந்து பிறந்த குட்டி இந்த அடையாளங்களில் சிலவற்றைப் பெறும், சிலவற்றைப் பெறாது. மூன்று தலைமுறை கழிந்தால் அதைப் பிரித்தறிய எந்த அனுபவசாலியாலும் முடியாது. டிஎன்ஏவைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

வீட்டு ஒட்டகம் காட்டுக்குள் தப்பிப் போனதுதான் காட்டு ஒட்டகம் என்று நெடுங்காலம் பலர் நினைத்தார்கள். மரபணு ஆய்வுகள் அதை மறுத்துவிட்டன. இரு கிளைகளும் பிரிந்து 7 லட்சம் முதல் 11 லட்சம் ஆண்டுகள் வரை ஆகியிருக்கும் என்று வெவ்வேறு கணிப்புகள் சொல்கின்றன. மனிதன் ஒட்டகத்தைப் பழக்கியதோ சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே இன்றைய காட்டு ஒட்டகம் வீட்டு ஒட்டகத்தின் மூதாதையும் அல்ல, அதிலிருந்து தப்பியதும் அல்ல. தனி இனம். இது அழிந்தால் நான்கு லட்சம் வீட்டு ஒட்டகங்களில் எதிலிருந்தும் இதை மீட்டெடுக்க முடியாது.

தனி இனம் என்றாலும் கலப்பு தடைப்படவில்லை. எல்லா ஒட்டகங்களுக்கும் குரோமோசோம்கள் 74. கலந்து பிறக்கும் குட்டி நன்றாக வளர்கிறது, அதுவும் குட்டி போடுகிறது. ஆபத்தே இதில்தான் இருக்கிறது. ஆயிரத்தோடு நான்கு லட்சம் கலந்தால் சிறியது பெரியதில் கரைந்துவிடும். காட்டில் தலைகளை எண்ணுகிறவருக்கு எண்ணிக்கை குறையாமலே தெரியும். இனம் மட்டும் உள்ளுக்குள் மாறிக்கொண்டிருக்கும்.

மாதிரி எடுப்பது

ஆய்வகத்தில் வரும் தொல்லைகளில் பாதி, மாதிரி எடுத்த அன்றே தொடங்கிவிடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

பிடித்து வைத்திருக்கும் ஒட்டகம் என்றால் இரத்தம் சிறந்தது. 5 மில்லி போதும். இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ உள்ள, ஊதா மூடி போட்ட குழாயில் எடுக்க வேண்டும். ஹெப்பாரின் குழாய் கூடாது, டிஎன்ஏவைப் பல மடங்காக நகலெடுக்கும் பிசிஆர் வினையை அது தடுக்கும். இரத்தம் எடுக்க வசதியில்லாவிட்டால் 10, 15 முடிகளை வேரோடு பிடுங்கிக் காகித உறையில் போடலாம். முடியின் தண்டில் டிஎன்ஏ மிகக் குறைவு, வேரில்தான் செல்கள் இருக்கின்றன. கத்தரியால் வெட்டிய முடி இந்த வேலைக்கு உதவாது. பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

காட்டு ஒட்டகத்தை நெருங்கவே முடியாது. எனவே புழுக்கைதான் வழி. குடலிலிருந்து உரியும் செல்கள் புழுக்கையின் வெளிப்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். அந்த மேற்பரப்பை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். உள்ளே போகப் போக அது தின்ற செடியின் டிஎன்ஏவும் பாக்டீரியாவின் டிஎன்ஏவும்தான் அதிகம். எடுத்ததை 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடலாம், அல்லது சிலிக்கா ஜெல்லில் உலர வைக்கலாம். குளிர்காலத்தில் விழுந்த புழுக்கை சீக்கிரம் உறைந்துவிடுவதால் டிஎன்ஏ நன்றாகத் தங்கும். கோடை வெயிலில் சில நாள் கிடந்தால் புறஊதாக் கதிர் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறை மாற்ற வேண்டும். எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியைக் குழாயிலும் குறிப்பேட்டிலும் எழுத வேண்டும். எண் மாறிப்போன ஒரு குழாய் பின்னால் முழு முடிவையும் குழப்பும். எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எந்த டிஎன்ஏவைப் படிப்பது?

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியில் உள்ள டிஎன்ஏ சிறியது, சுமார் 16,600 எழுத்துகள் (ஏ, சி, ஜி, டி என்ற நான்கு அலகுகளைத்தான் எழுத்து என்கிறோம்). ஒரு செல்லுக்குள் நிறையப் பிரதிகள் இருப்பதால் சிதைந்த புழுக்கையிலிருந்தும் கிடைக்கும். காட்டு இனத்தையும் வீட்டு இனத்தையும் இதில் தெளிவாகப் பிரிக்கலாம். செலவும் குறைவு. ஆனால் இது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. வீட்டு ஆண் ஒட்டகம் காட்டுப் பெண்ணோடு சேர்ந்து பிறந்த குட்டிக்கு மைட்டோகாண்ட்ரியா முழுக்கக் காட்டு வகையாகவே இருக்கும். கலப்பு தெரியாது. ஒய் குரோமோசோம் நம் பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்து மாதிரி, அப்பாவைக் காட்டும், அம்மாவைக் காட்டாது. பெண் ஒட்டகங்களில் அது இல்லவே இல்லை. இவை இரண்டை மட்டும் வைத்துத் தூய காட்டு ஒட்டகம் என்று சான்று கொடுப்பது தவறு.

எனவே இரு பெற்றோரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவில் பல இடங்களைப் பார்க்க வேண்டும். எத்தனை இடங்கள் என்பதை எளிய கணக்கிலேயே சொல்லிவிடலாம்.

முதல் தலைமுறைக் கலப்புக் குட்டியில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிரதி காட்டு வகை, ஒரு பிரதி வீட்டு வகை. அது வளர்ந்து காட்டு ஒட்டகத்தோடே சேர்ந்தால் அதன் குட்டியில் பாதி இடங்களில் மட்டும் வீட்டு எழுத்து இருக்கும். அடுத்து கால் பங்கு, அதற்கடுத்து எட்டில் ஒரு பங்கு. இந்தக் கடைசிக் குட்டியை எடுத்துக்கொள்வோம். காட்டு ஒட்டகத்தில் ஓர் எழுத்தும் வீட்டு ஒட்டகத்தில் வேறோர் எழுத்தும் உறுதியாக இருக்கும் 10 இடங்களைச் சோதித்தால், பத்திலும் வீட்டு எழுத்து சிக்காமல் போக வாய்ப்பு 0.875 ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது: 26 சதவீதம். நான்கில் ஒரு கலப்பினம் தூய்மை என்று தேறிவிடும். 20 இடங்களைப் பார்த்தால் 7 சதவீதம். 40 பார்த்தால் அரை சதவீதத்துக்கும் கீழ். இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப்போனால் 20 இடங்களை வைத்தாலும் 27 சதவீதம் தப்பிவிடும். நூற்றுக்கணக்கான இடங்களை ஒரே சோதனையில் பார்க்கும் முறைகளுக்கு இந்தத் துறை மாறியதற்கு இந்தக் கணக்குதான் காரணம். முழு ஜீனோமையும், அதாவது ஒரு விலங்கின் மொத்த டிஎன்ஏவையும், படிப்பது அதன் எல்லை.

கணினியில் நடப்பது

ஒட்டகத்தின் ஜீனோம் 200 கோடி எழுத்துகளுக்குச் சற்று அதிகம். காட்டு இரட்டைத் திமில் ஒட்டகத்தின் ஜீனோம் 2012ல் வெளியானது. இப்போது குரோமோசோம் அளவுக்கு முழுமையாகக் கோத்த வரிசைகளும் பொதுத் தரவுத்தளங்களில் இருக்கின்றன. வரிசைப்படுத்தும் கருவி ஜீனோமை ஒரே நீளமாகப் படிப்பதில்லை. 150 எழுத்துள்ள துண்டுகளாகக் கோடிக்கணக்கில் கொடுக்கும். ஒவ்வோர் இடமும் சராசரியாக எத்தனை துண்டுகளில் படிக்கப்பட்டது என்பதுதான் ஆழம். 30 மடங்கு ஆழம் என்றால் ஒரு விலங்குக்கே 6,000 கோடி எழுத்துகளுக்கு மேல்.

முதலில் தரம் குறைந்த நுனிகளையும், கருவிக்காக ஒட்டிய செயற்கைத் துண்டுகளையும் வெட்டி நீக்க வேண்டும். அடுத்து பிடபிள்யூஏ போன்ற நிரலால் ஒவ்வொரு துண்டையும் மூல ஜீனோமில் (ஒப்பிடுவதற்காகத் தரவுத்தளத்தில் உள்ள வரிசை) அதன் இடத்தில் பொருத்த வேண்டும். ஒரே மூலக்கூறு நகலெடுத்து வந்த இரட்டைகளைச் சாம்டூல்ஸ் என்ற நிரலில் குறியிட்டு ஒதுக்க வேண்டும். பிறகு எந்தெந்த இடத்தில் எழுத்து மாறுகிறது என்று பட்டியலெடுக்க வேண்டும். அந்தப் பட்டியல்தான் இனிமேல் செய்யும் எல்லா ஆய்வுக்கும் மூலப்பொருள்.

ஆழத்தில் கஞ்சத்தனம் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஓர் இடத்தில் தாய்வழி எழுத்து ஏ, தந்தைவழி எழுத்து ஜி. அந்த இடம் நான்கே முறை படிக்கப்பட்டால், நான்கும் ஒரே பிரதியிலிருந்து வந்துவிட எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்போது இரு பிரதியும் ஒன்றே என்று கணினி தவறாக எழுதிக்கொள்ளும். பத்து முறை படித்தால் அந்த வாய்ப்பு 500ல் ஒன்றாகக் குறையும். குறைந்த ஆழத்தில் எடுத்த ஒட்டகம் உண்மையில் இருப்பதைவிட நெருங்கிய உறவில் பிறந்ததுபோலத் தோன்றும். ஒரு கூட்டத்தை 30 மடங்கிலும் மற்றதை 4 மடங்கிலும் படித்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் வருவது உயிரியல் வேறுபாடு அல்ல, பணப் பற்றாக்குறையின் வேறுபாடு. ஆழம் குறைவுதான் கிடைக்கும் என்றால் எழுத்தை முடிவுசெய்யாமல் வாய்ப்பளவாகவே வைத்துக் கணக்கிடும் நிரல்களைப் பயன்படுத்தலாம், அல்லது எல்லா மாதிரிகளையும் ஒரே ஆழத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் பலரும் தடுக்கி விழும் இன்னோர் இடம் உண்டு. மாறும் இடங்களை வடிகட்டப் பயன்படும் பிளிங்க் என்ற நிரல், சொல்லாவிட்டால் மனிதக் குரோமோசோம் எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளும்: ஆண், பெண் என்பதை முடிவுசெய்யும் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் போக 22 இணைகள். மாடு, நாய், குதிரை, செம்மறியாடு ஆகியவற்றுக்கு ஆயத்த அமைப்பு உண்டு, ஒட்டகத்துக்கு இல்லை. 36 இணைகள் என்று கட்டளையில் நாமே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் 23ஆம் குரோமோசோமை எக்ஸ் என்று நிரல் நினைத்துக்கொள்ளும்.

கலப்பைக் கண்டுபிடிக்க இரண்டு முறைகள் வழக்கத்தில் இருக்கின்றன. முதன்மைக் கூறு ஆய்வு, ஆயிரக்கணக்கான இடங்களின் வேறுபாட்டை இரண்டு அச்சுகளில் சுருக்கிப் படமாகக் காட்டும். தூய காட்டு ஒட்டகங்கள் ஒரு முனையில் குவியும், வீட்டு ஒட்டகங்கள் மறுமுனையில். முதல் தலைமுறைக் கலப்பினம் ஏறக்குறைய நடுவில் விழும். அட்மிக்ஸர் போன்ற நிரல் ஒவ்வொரு விலங்கின் ஜீனோமிலும் எந்த மூதாதைக் கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று மதிப்பிடும். இரண்டிலும் சேர்த்துக் கவனிக்க வேண்டிய பிழை ஒன்றே. ஒரு தாயும் அவளுடைய ஐந்து குட்டிகளும் மாதிரியில் சேர்ந்துவிட்டால் அந்தக் குடும்பமே தனி இனம்போலப் படத்தில் பிரிந்து நிற்கும். முதலில் உறவைக் கணக்கிட்டு, நெருங்கிய உறவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, குரோமோசோமில் அருகருகே ஒட்டி வரும் இடங்களையும் கழித்துவிட்டுத்தான் இந்த ஆய்வுக்குப் போக வேண்டும். அட்மிக்ஸர் தரும் 2, 3 சதவீதக் கலப்பைப் பார்த்தவுடன் பதறவும் வேண்டாம். அந்த அளவு, கணக்கில் தற்செயலாக வரும் இரைச்சலாகவும் இருக்கலாம். வேறொரு முறையில் சரிபார்த்த பின்பே அந்த விலங்கை ஒதுக்க வேண்டும். ஆயிரம் பேர் உள்ள இனத்தில் ஒரு பெண் ஒட்டகத்தைத் தவறாகத் தள்ளிவைப்பதும் இழப்புதான்.

புழுக்கையை வைத்து எண்ணுவது

ஒவ்வொரு விலங்குக்கும் டிஎன்ஏ அடையாளம் தனி என்பதால் புழுக்கையிலிருந்தே தலைகளை எண்ணலாம். முதல் சுற்றில் கிடைத்த புழுக்கைகளில் 60 தனித்தனி ஒட்டகங்கள் என்று வைப்போம். சில வாரம் கழித்து இரண்டாம் சுற்றில் 50. அதில் 10 முன்பே பார்த்தவை. அறுபதை ஐம்பதால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 300. அந்தப் பகுதியில் ஏறக்குறைய அத்தனை இருக்கும்.

சிதைந்த டிஎன்ஏவில் ஒரு பிரதி பெருகி மற்றது பெருகாமல் போவது சாதாரணம். அப்போது ஒரே ஒட்டகம் இரண்டு சுற்றிலும் வெவ்வேறு ஒட்டகமாகப் பதிவாகும். மேலே சொன்ன கணக்கில் பத்துப் பொருத்தங்களில் இரண்டு இப்படித் தவறினால் விடை 300க்குப் பதில் 375. இல்லாத 75 ஒட்டகங்கள் அறிக்கையில் ஏறிவிடும், இனம் பெருகுகிறது என்று யாராவது முடிவெடுப்பார்கள். இதைத் தவிர்க்க ஒவ்வொரு மாதிரியையும் குறைந்தது மூன்று முறை பிசிஆர் செய்து, ஒத்துவரும் விடையை மட்டும் ஏற்க வேண்டும். ஓரிரு இடங்களில் மட்டும் வேறுபடும் ஜோடிகளைத் தனியாக எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும்.

நூறு ஒட்டகம் எப்போது எட்டு ஒட்டகம் ஆகிறது?

இந்தியாவுக்கு வருவோம். இங்கே காட்டு ஒட்டகம் கிடையாது. ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் காட்டு மூதாதை உலகிலேயே இல்லாமல் போய்ச் சுமார் 2,000 ஆண்டுகள் ஆகின்றன. அதனால் வீட்டு மந்தைகளில் மிஞ்சியிருக்கும் மரபணு வேறுபாடுதான் அந்த இனத்தின் மொத்தக் கையிருப்பு. 2012ல் 4 லட்சமாக இருந்த இந்திய ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சமாகிவிட்டன, 37 சதவீத வீழ்ச்சி. கட்ச் கடலோரத்தில் அலையாத்திக் காடுகளை மேய்ந்து, கழிமுகங்களை நீந்திக் கடக்கும் காராய் ஒட்டகம் 2015ல் தனி வளர்ப்பினமாகப் பதிவானது. அதற்கான மேய்ச்சல் நிலத்தை உப்பளங்கள் விழுங்கிக்கொண்டிருக்கின்றன.

மந்தைகளில் ஆண் ஒட்டகங்கள் மிகச் சில. இனப்பெருக்கத்துக்கு ஓர் ஆணோ இரண்டோ போதும் என்பதால் மற்றவை விற்கப்படும். மரபணுக் கணக்கில் இது பெரிய அடி. பயனுறு எண்ணிக்கை என்று ஒன்று உண்டு: ஆண்களின் எண்ணிக்கை, பெண்களின் எண்ணிக்கை இரண்டையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 100 பெண், 2 ஆண் என்றால் 800ஐ 102ஆல் வகுத்தால் எட்டுகூட வராது. நூற்றிரண்டு ஒட்டகங்கள் நிற்கின்றன, ஆனால் மரபணு வேறுபாட்டைத் தக்கவைப்பதில் அவை எட்டு ஒட்டகங்களுக்குச் சமம். ஒவ்வொரு தலைமுறையிலும் வேறுபாட்டில் 6.4 சதவீதம் போகும், ஐந்து தலைமுறையில் 28 சதவீதம். ஆண்களை 10 ஆக்கினால் பயனுறு எண்ணிக்கை 36, ஐந்து தலைமுறை இழப்பு 7 சதவீதத்துக்குள். எட்டு ஆண்களைக் கூடுதலாக வைத்துத் தீனி போடும் செலவுக்குக் கிடைக்கும் பலன் இவ்வளவு பெரியது. வெளியிலிருந்து நிதி கொடுப்பவர்கள் முதலில் செலவிட வேண்டிய இடம் இதுதான். ராஜஸ்தானின் ரைக்கா மேய்ப்பர்கள் தங்கள் ஒட்டகங்களின் தாய்வழி வம்சத்தை நினைவில் வைத்திருப்பவர்கள். டிஎன்ஏ சோதனைக்கு முன் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டால் மாதிரிக்கு உறவில்லாத விலங்குகளைத் தேர்வது எளிது. ஒரு வளர்ப்பினத்துக்குக் குறைந்தது 25, முடிந்தால் 40 விலங்குகள், வெவ்வேறு ஊர் மந்தைகளிலிருந்து எடுப்பது நல்லது.

நெருங்கிய உறவில் பிறந்த அளவை ஜீனோமிலேயே அளக்கலாம். இரு பிரதியும் நீளமாக ஒரே மாதிரி இருக்கும் பகுதிகள் பொது மூதாதையிடமிருந்து இரு வழியாகவும் வந்தவை. ஒவ்வொரு தலைமுறையிலும் அவை வெட்டுப்பட்டுக் குறுகும். ஒரு கோடி எழுத்து நீளமுள்ள பகுதி, ஏறக்குறைய ஐந்து தலைமுறைக்கு முந்தைய பொது மூதாதையைக் காட்டும். பத்து லட்சம் எழுத்துப் பகுதி ஐம்பது தலைமுறைக்கு முந்தையதை. நீளமானவை நிறைய இருந்தால் சிக்கல் அண்மையது, இணையை மாற்றினால் அடுத்த குட்டியிலேயே சரியாகும். குட்டையானவை மட்டும் நிறைய இருந்தால், இனம் பல காலம் முன்பே சுருங்கிவிட்டது என்று பொருள்.

முடிவைக் களத்தில் பயன்படுத்துவது

மங்கோலியாவில் ஜக்கின் உஸ் என்ற இடத்தில் காட்டு ஒட்டகங்களுக்கான இனப்பெருக்க மையம் 2004 முதல் இயங்குகிறது. இப்படிப்பட்ட மையத்தில் டிஎன்ஏவின் முதல் வேலை, கலப்பினம் உள்ளே நுழையாமல் பார்ப்பது. அடுத்தது இணை சேர்ப்பது. ஒவ்வொரு ஜோடிக்கும் உறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு நெருங்கிய உறவு என்று காட்டும் எண், கணக்கிடப்படும். ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்த இரண்டைச் சேர்த்தால் குட்டியின் உள்ளுறவு அளவு (நெருங்கிய உறவில் பிறந்த அளவு) 12.5 சதவீதம். உடன்பிறந்தவை என்றால் 25. கூட்டத்தில் மற்ற எல்லோரோடும் சராசரி உறவு குறைவாக உள்ள விலங்குக்கு முதல் வாய்ப்பு தர வேண்டும், ஏனென்றால் அதன் மரபணுக்கள் வேறு யாரிடமும் அதிகம் இல்லை. வலிமையான ஆண் ஒன்று எல்லாப் பெண்களையும் மடக்கிக்கொள்வது ஒட்டகத்தின் இயல்பு. அதைத் தடுத்து ஆண்களைச் சுழற்சி முறையில் விடாவிட்டால் பட்டியல் காகிதத்தோடு நின்றுவிடும்.

ஒட்டகத்தில் எதுவும் வேகமாக நடக்காது. சினைக்காலம் 13 மாதம், இரண்டு ஆண்டுக்கு ஒரு குட்டி. செயற்கைக் கருவூட்டலும் மாட்டைப்போல எளிதல்ல. விந்து பிசுபிசுப்பாக இருப்பதால் நீர்த்து உறையவைப்பது கடினம். சேர்க்கை தூண்டினால்தான் பெண்ணுக்குக் கருமுட்டை வெளியாகும், ஆகவே ஹார்மோன் ஊசியும் தேவைப்படும். துபாயில் 2009ல் இன்ஜாஸ் என்ற குளோனிங் ஒட்டகம் பிறந்தது. ஆனால் நகலெடுப்பதால் புதிய வேறுபாடு உண்டாகாது. இருப்பதில் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான். உறைகுளிரில், கழித்தல் 196 டிகிரி திரவ நைட்ரஜனில், காதுத்தோல் செல்களைச் சேமித்துவைப்பது அதைவிடப் பயனுள்ளது. அங்கும் எந்த விலங்கின் செல்லைச் சேமிப்பது என்பதை உறவுக் கணக்கே சொல்லும். ஒரே குடும்பத்தின் ஐம்பது மாதிரிகளைவிட உறவில்லாத பத்து மாதிரிகள் மேல்.

இதைக் கற்க விரும்பும் மாணவர்கள் முழு ஜீனோமில் தொடங்க வேண்டாம். பொதுத் தரவுத்தளத்திலிருந்து காட்டு ஒட்டகம், வீட்டு இரட்டைத் திமில், ஒற்றைத் திமில் மூன்றின் மைட்டோகாண்ட்ரியா வரிசைகளை இறக்கி, வரிசையொப்பீடு செய்து, வம்ச மரம் வரைந்து பாருங்கள். 8 ஜிபி மடிக்கணினியில் சில நிமிட வேலை. அடுத்த படியாக ஒரே ஒரு குரோமோசோமை மட்டும் எடுத்துப் பத்து விலங்குகளின் முதன்மைக் கூறு ஆய்வைச் செய்யலாம்.